சட்டாம்பிள்ளையும் தோழியும்

ஒரே வயதில், ஏறக்குறைய ஒரே மாதிரியான சிக்கலில் இருக்கும் ஒருவர் இன்னொருவருக்குத் துணையாக நிற்பதே சக ஆதரவு. பதின்பருவத்தினருக்கு இது மிகவும் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். அந்த வயதில் அம்மா "நீ நல்லாத்தான் பண்ணுவ" என்று சொல்வது காதில் விழுந்தாலும் மனசுக்குள் இறங்குவதில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் "போன தடவை எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று சொன்னால் இறங்குகிறது. சென்னையில் மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய டியூஷன் வகுப்புகளிலும், தியாகராய நகர்ப் பள்ளி வாசல்களிலும், பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலையில் கூடும் கூட்டங்களிலும் தினமும் இது நடக்கிறது. யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை.

தன்னம்பிக்கை என்ற சொல்லுக்கு உளவியலில் பல விளக்கங்கள் உண்டு. நடைமுறைக்கு அதிகம் உதவுவது ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் முன்வைத்த விளக்கம். குறிப்பிட்ட ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் நம்புவதையே அவர் ஆராய்ந்தார். அந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து பார்த்து வெல்வது முதல் வழி. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் கொடுக்கும் ஊக்கச் சொல் மூன்றாவது. உடலும் மனமும் பதறாமல் இருப்பது நான்காவது. நான்கிலும் வலிமை மிக்கது முதல் வழி. வீடுகளிலும் பள்ளிகளிலும் அதிகம் செலவிடப்படுவதோ மூன்றாவது வழி, அதாவது பேச்சு. ஊக்கப் பேச்சாளரை அழைத்து, மாணவர்களைத் தரையில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் கைதட்ட வைப்பதில் பெரிய பயன் ஏன் இல்லை என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது.

இரண்டாவது வழியில் 'தன்னைப் போன்ற ஒருவர்' என்பதுதான் முக்கியம். அடையாற்றுக் கரையிலும் நகரின் பிற பகுதிகளிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கே வாழ்ந்த குடும்பங்களைப் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் 2000-ஆம் ஆண்டையொட்டிக் குடியமர்த்தத் தொடங்கினார்கள். வேலை இடம், பள்ளி, பழகிய தெரு எல்லாம் ஒரே நாளில் தொலைவாகிப் போன ஊர் அது. "எங்கிருந்து வர்ற?" என்று கேட்டால் பிள்ளைகள் பெயரைச் சொல்லத் தயங்கும் அளவுக்கு அதன்மேல் பழி சுமத்தப்பட்டிருந்தது. அந்தக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடினார். தொலைக்காட்சியில் பார்க்கும் நட்சத்திரம் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்குச் செய்ய முடியாததை, அதே பிளாக்கில் அதே தண்ணீர்க் குடத்தோடு நின்ற அக்கா செய்துவிட முடியும். 'அவளால முடிஞ்சுதுன்னா…' என்று அந்தப் பெண் வாக்கியத்தைத் தொடங்குகிறாள் என்றால், பந்தூரா சொன்ன இரண்டாவது வழி அங்கே வேலை செய்கிறது.

மாணவரைக் கொண்டே மாணவருக்கு உதவலாம் என்ற எண்ணம் கல்வி வரலாற்றில் ஒரு முறையாகப் பதிவானதே சென்னையில்தான். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றார். ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். தன் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற, எட்டு வயதையொட்டிய ஒரு சிறுவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் நன்றாகவே கற்றுக்கொடுத்தான். மெல்ல மெல்ல விடுதி முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இடமாக மாறியது. பெல் ஊர் திரும்பி 1797-இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

பெல்லுக்கு அது புதுமையாகத் தெரிந்திருக்கலாம். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை அவருக்கு முன்பே இருந்தான். ஆசிரியரான அண்ணாவி இல்லாத நேரத்தில் வகுப்பைக் கவனிப்பதும், சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பதும், குறும்பு செய்கிறவனைக் காட்டிக்கொடுப்பதும் அவன் வேலை. சில இடங்களில் பிரம்பும் அவன் கைக்கு வந்தது. மெட்ராஸ் முறையும் இங்கிலாந்தில் பரவியபோது கொஞ்ச காலத்தில் அதே தடத்தில் இறங்கியது. ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் மலிவான வழியாக அதை ஆக்கிக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஒரு மாணவனை மற்றவர்களுக்கு மேலே நிறுத்தினால் அங்கே கிடைப்பது மேற்பார்வை. ஆதரவு கிடைக்க வேண்டுமானால் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். இன்றைய பள்ளிகளில் 'லீடர்', 'பிரீஃபெக்ட்' என்று பேட்ஜ் குத்திவிட்டு, அவர்களையே நண்பர்களுக்கு ஆலோசனை சொல்லவும் அமர்த்துவது இதனால்தான் சரிவருவதில்லை. பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் கையிடம் யாரும் மனசைத் திறக்க மாட்டார்கள்.

பக்கத்தில் உட்காருவது எப்படி இருக்கும் என்பதற்கும் இந்த நகரத்திலேயே பழைய சான்று உண்டு. மயிலாப்பூரில் 1886-இல் பிறந்த சுப்பலட்சுமி, பதினோரு வயதில் மணமாகி, சீக்கிரமே கணவரை இழந்தார். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்துக்குப் பெற்றோர் உடன்படவில்லை. படிக்க வைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அறியப்படுகிறார். அடுத்த ஆண்டே எழும்பூரில் ஒரு வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய இளம் கைம்பெண்களோடு ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அரசின் உதவியோடு அது கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் விடுதியாக வளர்ந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று சொல்லப்படும் அதே கட்டடம்தான்.

அந்த விடுதிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பதின்பருவத்துப் பெண்கள். தான் எதிரே வந்தால் அமங்கலம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டில் ஒவ்வொருத்தியும் தனி. தன்னைப் போல அந்த வீட்டிலோ தெருவிலோ வேறு யாரும் இல்லை என்பதால் குறை தன்னிடம்தான் என்று நம்பியிருப்பாள். ஐஸ் ஹவுஸுக்குள் நுழைந்ததும் அதே வயதில், அதே கதையோடு பல பேர். அந்த ஒரே மாற்றம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார்க்கலாம். தன் தலையெழுத்து என்று நினைத்தது ஊர் வழக்கம் செய்த கொடுமை என்று அங்கேதான் புரியத் தொடங்கும். அவர்கள் படித்தார்கள், ஆசிரியைப் பயிற்சிக்குப் போனார்கள், ஊர் ஊராகப் பள்ளிகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சகோதரி சுப்பலட்சுமி என்று எல்லோரும் அழைத்த அவர், அந்தப் பெண்களைப் போலவே குழந்தைப் பருவத்தில் கணவரை இழந்தவர் என்பது இதில் பாதி பலம். இப்போது தியாகராய நகரில் ராமகிருஷ்ண மிஷன் நடத்தும் சாரதா வித்யாலயாவும், 1956-இல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் தொடங்கிய வித்யா மந்திரும் அவருடைய உழைப்பின் தொடர்ச்சிகள்.

நம் காலத்துக்கு வந்தால், தென்சென்னையில் சக ஆதரவைப் பற்றிப் பேசும்போது சினேகாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் அது. ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்குகிறது. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பின் வழியைத் தழுவியது. அந்த வழியில் தொலைபேசியை எடுப்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதராக இருந்தால் போதும். அவர் அறிவுரை சொல்வதில்லை, பெயர் கேட்டு வற்புறுத்துவதில்லை, சரி தவறு என்று தீர்ப்பு சொல்வதில்லை. கேட்கிறார். தொண்டர்கள் பெரியவர்கள்தான்; பதின்பருவத்தினர் இல்லை. ஆனாலும் சமமாக நின்று கேட்பது எப்படி என்ற பாடத்தை இந்த ஊர் கற்றுக்கொண்டது அங்கிருந்துதான்.

தேர்வு முடிவு வரும் நாட்கள் சினேகாவுக்கு மிகவும் பரபரப்பான நாட்கள். ஒரு பாடத்தில் தவறினால் ஒரு வருடமே போய்விடும், நண்பர்கள் கல்லூரிக்குப் போவதை வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. தவறியவர்கள் அதே கோடையில் மறுபடியும் எழுதி, அந்த ஆண்டே மேலே படிக்க வழி வேண்டும் என்று சினேகா தொடர்ந்து வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் உடனடித் துணைத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதத்தில் பள்ளிக் கல்வித் துறை இன்னொரு நல்ல முடிவை எடுத்தது: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. இவை இரண்டும் நிர்வாக முடிவுகளாகத் தோன்றலாம். பதின்பருவத்து நட்புக்கு இவை செய்த உதவி பெரிது. வருடம் போகாது என்றால் தவறியவன் தன் கூட்டத்தை இழப்பதில்லை. மேடை ஏறும் மூன்று பேருக்காக மற்ற எல்லோரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் கொஞ்சம் தளர்கிறது. தனியார் பள்ளிகள் தங்கள் டாப்பர்களைப் படத்தோடு வாசலில் பேனராகக் கட்டுவது மட்டும் இன்னும் முழுதாக ஓயவில்லை. அதுவும் ஓய வேண்டும்.

இனி, சக ஆதரவு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பது. ஒருவன் வாடிப்போய் வருகிறான். "டேய், விடுடா, இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று தோளில் தட்டுவது அன்பால் வருவதுதான். ஆனால் அவனுக்குப் பெரிதாக இருப்பதைச் சின்னதாக்கிவிடுகிறது. அடுத்த தடவை அவன் சொல்ல மாட்டான். "என்ன ஆச்சு, சொல்லு, நான் எங்கயும் போகல" என்பது வேறு. கேட்கும்போது குறுக்கே தன் கதையைத் தொடங்காமல் இருப்பது, தீர்வு சொல்ல அவசரப்படாமல் இருப்பது, மறுநாள் மறக்காமல் "நேத்து சொன்னியே, இப்ப எப்படி இருக்க?" என்று கேட்பது ஆகிய மூன்றும் பழக்கத்தால் வருபவை. பயிற்சி தேவைப்படுவது இவற்றுக்குத்தான். மறுநாள் கேட்கும் அந்தக் கேள்வியே மூன்றிலும் அரிது. தன்னை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதை அது காட்டுகிறது.

உதவி பெறுகிறவருக்கு மட்டும் பலன் என்று நினைத்தால் பாதியை விட்டுவிட்டோம். ஆய்வாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உதவி செய்கிறவரே அதிகம் தேறுகிறார் என்று எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் 18 உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்களைச் சகத் துணைவர்களாகப் பயிற்றிய திட்டத்தை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்விலும் இது தெரிந்தது. பயிற்சி பெற்ற மாணவர்களிடமே, பெரியவர்களோடு உள்ள தொடர்பும் பள்ளி ஈடுபாடும் கூடியிருந்தன. நம் பள்ளிகளில் இதற்கு நேரடியான பயன் உண்டு. கணக்கில் சராசரியாக இருக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணை ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க அனுப்பினால், ஆறாம் வகுப்பு கற்கும் முன்பே எட்டாம் வகுப்புப் பெண் நிமிர்ந்துவிடுவாள். பந்தூரா சொன்ன முதல் வழி, தானே செய்து வெல்வது, அவளுக்கு அங்கே கிடைக்கிறது. இப்போது இத்தகைய வேலைகளுக்கு முதல் ரேங்க் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஏற்கெனவே இருப்பவர்களுக்கே மேலும் கொடுக்கும் வழி அது.

ஐரோப்பாவில் பத்து நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2015-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பகுதியில் ஆசிரியர்களுக்கு, ஆபத்தில் இருக்கும் மாணவரை அடையாளம் காணும் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் மாணவர்களையே ஒன்றாக உட்கார வைத்து, வேடமேற்று நடித்தும் பேசியும் மனச்சிக்கலைக் கையாளப் பழக்கினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மாணவர்களையே பழக்கிய பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள், ஒப்பீட்டுக்கு எடுத்த பள்ளிகளைவிட ஏறத்தாழப் பாதி குறைவாக இருந்தன. ஆசிரியர்களை மட்டும் பயிற்றிய பள்ளிகளில் அப்படி ஒரு குறைவு தெரியவில்லை. 2018-இல் அதே இதழில் வந்த இந்திய ஆய்வு பீகாரின் நாலந்தா மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றியது. ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்த பள்ளிகளில் மாற்றம் இல்லை. மனநலத் துறை சாராத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. சீண்டலும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மதிப்பெண் போடும் கையும் மனசைக் கேட்கும் காதும் ஒரே ஆளிடம் இருப்பது மாணவருக்குக் கடினம். அவ்வளவுதான்.

சக மாணவர்கள் எப்போதும் நல்லதே செய்வார்கள் என்று நினைப்பதும் ஆபத்து. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடும்போது நிதானமாக இருந்த 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது துணிந்து ஆபத்தை ஏற்றார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. தாமஸ் டிஷியனும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். கோளாறான போக்குள்ள பிள்ளைகளை மட்டும் தனிக்குழுவாக்கி வகுப்பெடுத்தால், அவர்கள் ஒருவரையொருவர் இன்னும் அந்த வழியில் ஊக்குவிக்கிறார்கள். எனவே 'பிரச்சினைப் பிள்ளைகள் குழு' என்று ஒன்றைத் தனியாகத் தொடங்கவே கூடாது. எல்லோரும் கலந்த குழுவில்தான் பயன்.

கேலியும் இதே கூட்டத்திலிருந்துதான் வருகிறது. நிறம், பருமன், பேச்சு வழக்கு, தமிழ்வழிப் படிப்பு, வீடு இருக்கும் குப்பம் எல்லாம் கலாய்ப்பதற்குப் பொருளாகின்றன. வாட்ஸ்அப் குழு வந்தபின் பள்ளி மணி அடித்தாலும் அது முடிவதில்லை. சாதி இதில் மிகக் கொடியது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதையொட்டி ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு போன்ற அடையாளங்களைத் தடுப்பதோடு, எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை ஒன்றை உருவாக்கவும் அது பரிந்துரைத்தது. சக ஆதரவைத் தனிமனித மனநலமாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதில் நியாயம் இல்லாத வகுப்பறையில் தன்னம்பிக்கைப் பயிற்சி என்ன செய்துவிடும்?

அரசின் திட்டங்களில் சக ஆதரவுக்கு இடம் இருக்கிறது. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம், ஊர்தோறும் அதே வயதுப் பிள்ளைகளைச் சகக் கல்வியாளர்களாக்கிப் பயிற்றுவதை அடித்தளமாகக் கொண்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல், பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டிகள் வைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், மாணவர்களைத் தூதுவர்களாகக் கொண்ட 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்கள் அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கப்பட்டன. பெட்டி வைப்பது எளிது. அதைத் திறந்து படித்து, எழுதிய பிள்ளை காட்டிக்கொடுக்கப்படாமல் பதில் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் கிடைத்தது என்று தெரிந்தால் அடுத்த பத்துக் கடிதங்கள் வரும். ஒரு கையெழுத்து அடையாளம் காணப்பட்டுப் பிரேயரில் திட்டு விழுந்தால், பெட்டி அதோடு காலி.

சக ஆதரவின் எல்லையையும் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்லாதே, சத்தியம் பண்ணு" என்ற வாக்கு பதின்பருவத்து நட்பில் மிகப் புனிதமானது. உயிருக்கு ஆபத்து, பாலியல் தொல்லை, வீட்டில் அடிதடி, போதைப் பழக்கம் ஆகியவற்றில் அந்த வாக்கைக் காப்பாற்றக் கூடாது. இதைக் கேட்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம்: "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உன் உயிருக்கு ஏதாவதுன்னா நான் மேடம்கிட்ட சொல்லித்தான் ஆவேன்." பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் இன்னொரு உயிரின் பாரத்தை முழுதாக ஏற்றுவது அநியாயம். அவர்கள் செய்ய வேண்டியது கேட்பது, கூடவே இருப்பது, நம்பகமான பெரியவரிடம் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவது. அந்தப் பெரியவர் யார் என்று ஒவ்வொரு பள்ளியும் முன்கூட்டியே பெயர் சொல்லி அறிவித்திருக்க வேண்டும். பதறாத, உடனே பெற்றோருக்கு போன் போடாத, கேட்டதை ஆசிரியர் அறையில் பேசாத ஒருவராக அவர் இருக்க வேண்டும்.

பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையென்றாலும் வழி உண்டு. தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 ஆகிய எண்களில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லை என்றால் 1098. கஷ்டத்தில் இருக்கும் பிள்ளை மட்டுமே கூப்பிட வேண்டும் என்பதில்லை. "என் ஃபிரெண்ட் இப்படிப் பேசுறா, நான் என்ன செய்யறது?" என்று கேட்கவும் இந்த எண்களை அழைக்கலாம்.